ஒரு டொலர் ஒப்பந்தத்திலிருந்து மாணவியர் நிதியம் வரை: லெட்டி பேட் எவன்ஸ் அம்மையாரின் வாழ்க்கை

நூற்றாண்டு மலர் ஒன்றைக் கையில் எடுத்தால், பாடசாலைக்குக் காணி தந்தவர், முதற் கொட்டிலைப் போட்டவர், முதல் அதிபர் ஆகியோரின் வரலாறுகளை நாம் முதலில் தேடுவோம். அவை இம்மலரில் தமக்குரிய இடத்தில் உள்ளன. இந்தக் கட்டுரை ஏறாவூரையோ மட்டக்களப்பு வாவியையோ ஒருநாளும் கண்டிராத ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றியது. அவர் இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும் பழைய மாணவிகளாகிய நாம் அவருடைய வாழ்வை அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

அதற்குக் காரணங்கள் இரண்டு. சிறு பிள்ளைகளோடு விதவையான ஒருவர், கணவர் விட்டுச்சென்ற சொத்தைத் தாமே பொறுப்பேற்றுக் காத்து வளர்த்தார் என்பது ஒன்று. அந்தச் சொத்தின் ஒரு பெரும் பகுதி இன்று வசதியற்ற பெண்பிள்ளைகளின் படிப்புச் செலவாக ஆண்டுதோறும் போய்ச் சேருகிறது என்பது மற்றது. இவ்விரண்டும் நமது ஊருக்குப் புதிய சங்கதிகள் அல்ல. 1990 ஓகஸ்டையும் அதனைத் தொடர்ந்த ஆண்டுகளையும் கடந்து வந்த நமது பிரதேசத்தில், தமிழ் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும், தனித்து நின்று குடும்பம் நடத்திய தாய்மாரை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். நம்மிற் பலர் அத்தகைய தாய்மாரின் பிள்ளைகள்.

அந்தப் பெண்மணியின் பெயர் லெட்டி பேட். முதற் கணவரின் பெயரால் லெட்டி பேட் வைட்ஹெட் என்றும், இரண்டாவது கணவரின் பெயரால் லெட்டி பேட் எவன்ஸ் என்றும் அறியப்படுபவர். அவருடைய செல்வம் வந்த வழி கொக்கா கோலாவைப் போத்தலில் அடைக்கும் தொழில்.

பிறப்பும் திருமணமும்

லெட்டி 1872 பெப்ரவரி 21ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில், பெட்போர்ட் மாவட்டத்தின் தக்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். மலைத்தொடர் ஒன்றின் அடிவாரத்திலுள்ள விவசாயப் பிரதேசம் அது. வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்து ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. தோற்ற பக்கம் தெற்கு. வேர்ஜினியா அந்தத் தெற்கைச் சேர்ந்தது. போர் முடிந்த பின்னும் அதன் வடு வீட்டிலும் வயலிலும் பள்ளிக்கூடத்திலும் நெடுங்காலம் கிடக்கும் என்பதை நமக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

1894இல் லெட்டி, மிசிசிப்பி மாநிலத்தவரான ஜோசப் பிரவுண் வைட்ஹெட் என்ற சட்டத்தரணியைத் திருமணம் செய்தார். இருவரும் தெனசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் குடியேறினர். ஜோசப் என்று தந்தையின் பெயரையே கொண்ட மூத்த மகனும், கொங்கி பேட் என்ற இளைய மகனும் பிறந்தனர். கணவர் பெரும் பணக்காரர் அல்லர். நகரத்துச் சட்டத்தரணி ஒருவரின் நடுத்தரக் குடும்பம், அவ்வளவுதான். அக்குடும்பத்தின் நிலையை மாற்றியது 1899ஆம் ஆண்டு ஜூலை மாதம் கையெழுத்தான ஒரு கடதாசி.

ஒரு டொலர் ஒப்பந்தம்

கொக்கா கோலாவை 1886இல் அட்லான்டா நகரின் மருந்துக் கலவையாளர் ஜோன் பெம்பர்ட்டன் உருவாக்கினார். பின்னர் அது ஏசா கான்ட்லர் என்ற வணிகரின் கைக்கு வந்தது. அக்காலத்தில் அதை வாங்கிக் குடிப்பதற்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டும். அங்கே பாகைக் கிளாசில் ஊற்றி, வாயு ஏற்றிய தண்ணீரைக் கலந்து கொடுப்பார்கள். ஒரு கிளாஸ் 5 சதம். கடை இருக்கும் இடத்தில்தான் பானம் இருந்தது.

சட்டனூகாவைச் சேர்ந்த பெஞ்சமின் தோமஸ் என்ற சட்டத்தரணி 1898இல் போர்ச் சேவைக்காகக் கியூபாவுக்குச் சென்றபோது, அங்கே அன்னாசிப் பானம் ஒன்றைப் போத்தலில் அடைத்து விற்பதைக் கண்டார். கொக்கா கோலாவையும் அவ்வாறே விற்கலாமே என்ற எண்ணம் அவருக்கு வந்தது. ஊர் திரும்பிய பின் ஜோசப் வைட்ஹெட்டைச் சேர்த்துக்கொண்டு, இருவருமாகக் கான்ட்லரைச் சந்தித்தனர். கான்ட்லருக்குப் போத்தல் வியாபாரத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. அன்றைய போத்தல்கள் வெடிக்கும், மூடிகள் ஒழுகும், அழுக்குச் சேரும். ஆனாலும் தமக்குச் செலவில்லை என்பதால் அவர் சம்மதித்தார். அமெரிக்காவின் மிகப் பெரும் பகுதியில் கொக்கா கோலாவைப் போத்தலில் அடைத்து விற்கும் உரிமை 1 டொலர் விலையில் அந்த இருவருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டது. வட கிழக்கு மூலையிலுள்ள ஆறு மாநிலங்களும், மிசிசிப்பி, டெக்சாஸ் மாநிலங்களும் மாத்திரம் அதில் அடங்கவில்லை. அந்த ஒரு டொலரையும் கான்ட்லர் வாங்கிக்கொள்ளவேயில்லை என்று சொல்லப்படுவதுண்டு.

உரிமை கிடைத்ததே தவிர, தொழில் தொடங்க வைட்ஹெட்டிடம் பணம் இருக்கவில்லை. ஜோன் லப்டன் என்ற மற்றொரு சட்டனூகாச் சட்டத்தரணி 2,500 டொலர் போட்டு, வைட்ஹெட்டின் பங்கில் பாதியை எடுத்துக்கொண்டார். விரைவிலேயே தோமஸுக்கும் வைட்ஹெட்டுக்கும் கருத்து ஒத்துப்போகாமையால் நாட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டனர். தெற்குப் பகுதி வைட்ஹெட் தரப்புக்கு வந்தது. வைட்ஹெட் குடும்பம் அட்லான்டாவுக்கு இடம்பெயர்ந்தது.

இத்தொழிலின் சூட்சுமத்தை இங்கே சொல்ல வேண்டும். வைட்ஹெட்டும் மற்றவர்களும் ஊரூராகத் தாமே தொழிற்சாலை கட்டவில்லை. ஒவ்வொரு நகரத்திலும் உள்ளூரார் ஒருவரைப் பிடித்து, அந்த நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் உரிய உரிமையை அவருக்கு வழங்கினர். கட்டடம், இயந்திரம், போத்தல், வண்டி எல்லாம் அந்த உள்ளூர் முதலாளியின் பொறுப்பு. கம்பனியிடமிருந்து நிலையான விலைக்குப் பாகை வாங்கி, ஒரு சிறு இலாபம் வைத்து அவருக்கு விற்பது மேல் உரிமையாளரின் வேலை. ஒரு போத்தலில் கிடைப்பது மிகச் சொற்பம். ஆனால் போத்தல்களின் தொகை பெருகப் பெருக, கை வைக்காமலே வருமானம் பெருகியது. 1909 அளவில் ஏறத்தாழ 400 போத்தல் ஆலைகள் நாடெங்கும் இயங்கின.

நமது சின்ன வயதில் கலியாண வீட்டுக்கு மரப்பெட்டியில் வந்திறங்கிய சோடாவை நினைத்துப் பார்ப்போம். குடித்து முடித்த வெறும் போத்தல்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கித் திருப்பிக் கொடுக்கும்வரை மூத்தவர்களுக்கு நிம்மதி இல்லை. போத்தலுக்கு முற்பணம் கட்டியிருப்பார்கள். பானத்தை விடப் போத்தல் பெறுமதி என்பது அந்தத் தொழிலின் உலகப் பொதுக் கணக்கு. அமெரிக்காவிலும் அப்படியே.

1906

தொழில் தலையெடுத்து ஏழு ஆண்டுகள் கூட ஆகாத நிலையில், 1906இல் ஜோசப் வைட்ஹெட் நியுமோனியாக் காய்ச்சலால் இறந்தார். அவருக்கு வயது 42. லெட்டிக்கு 34. இரு மகன்மாரும் பள்ளிக்கூடம் போகும் வயதினர்.

அந்தக் காலத்தை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நாடு தழுவிய முறையில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1920இல். 1906இல் அட்லான்டாவில் சொத்துள்ள ஒரு விதவை தன் நகரசபைக்கு ஒரு வாக்கும் போட முடியாது. வியாபாரக் கூட்டங்களில் பெண் உட்காருவது வழக்கத்தில் இல்லை. இத்தகைய நிலையில் விதவைக்குச் சுற்றமும் நட்பும் சொல்லக்கூடிய ஆலோசனை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். பங்கை விற்றுக் காசாக்கி வங்கியில் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. அதில் பிழை சொல்லவும் முடியாது.

லெட்டி அம்மையார் விற்கவில்லை. தொழிலின் அன்றாட வேலைகளை அனுபவமுள்ள முகாமையாளர்கள் பார்த்தார்கள். குடும்பத்தின் பங்குகளையும் காணி கட்டடங்களையும் மேற்பார்வை செய்யும் பொறுப்பை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார். சொத்துகளை நிருவகிப்பதற்கென்று பங்குகளுக்கு ஒன்றும் காணி கட்டடங்களுக்கு ஒன்றுமாக வைட்ஹெட் பெயரில் இரு நிறுவனங்களை அமைத்து, அவற்றின் தலைமையையும் ஏற்றார். தாயும் இரு மகன்மாரும் தனித்தனியே பிய்த்துக்கொள்ளக்கூடிய சொத்தை, ஒரே கூரையின் கீழ் கணக்குப் புத்தகத்தோடு வைத்த செயல் அது.

இந்த இடத்தில் நமது கிழக்கு மாகாண வழக்கம் நினைவுக்கு வருகிறது. வீடு பெண்பிள்ளைக்கு என்பது நமது பிரதேசத்தில் சாதி மதம் கடந்த ஏற்பாடு. தாய்வழிக் குடிமுறையும் சீதன வீடும் நமக்குச் சொத்தைத் தந்திருக்கின்றன. உறுதி நமது பெயரில் இருக்கும். ஆனால் அந்த உறுதியை வாசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அலுமாரியில் இருக்கும் பத்திரத்தை எடுத்து, எல்லை எது, பங்கு எவ்வளவு, ஈடு ஏதும் உண்டா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? சொத்து பெயரில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு. லெட்டி அம்மையாருக்குச் சொத்து மரணத்தினால் பெயருக்கு வந்தது. அதை அறிந்து நிருவகித்ததனால் கைக்கு வந்தது. அவருடைய வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க முதற்பாடம் இதுதான் என்று எண்ணுகிறோம்.

பாதுகாத்த ஆண்டுகள்

1913இல் அம்மையார், கனேடிய இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கேணல் ஆதர் கெலி எவன்ஸ் என்பவரை மறுமணம் செய்தார். வேர்ஜினியாவின் ஹொட் ஸ்பிறிங்ஸ் என்ற மலைப்பிரதேச ஊரில் மால்வேர்ன் ஹில் என்ற இல்லத்தில் இருவரும் வாழ்ந்தனர். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன ஊர் அது. நமக்குக் கன்னியா எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. மறுமணத்தின் பின்னும் வைட்ஹெட் குடும்பச் சொத்தின் பொறுப்பை அவர் விட்டுவிடவில்லை.

அந்தச் சொத்துக்கு ஆபத்து வராமலும் இல்லை. முதலாம் உலகப் போரை ஒட்டிச் சீனி விலை ஏறியது. பாகை நிலையான விலைக்குத் தர வேண்டும் என்ற பழைய ஒப்பந்தம் கம்பனிக்குச் சுமையாயிற்று. 1919இல் கான்ட்லர் குடும்பத்திடமிருந்து கம்பனியை 2 கோடி 50 இலட்சம் டொலருக்கு வாங்கிய புதிய உரிமையாளர்கள், 1899ஆம் ஆண்டு ஒப்பந்தம் எந்நேரமும் முடித்துவிடக்கூடியது என்று வாதாடினர். மேல் உரிமையாளர்கள் 1920இல் நீதிமன்றம் சென்றனர். ஒப்பந்தம் என்றென்றைக்கும் உரியது என்பது அவர்களின் வாதம். நீதிமன்றத்தின் பார்வை அவர்களுக்குச் சாதகமாகவே இருந்தது. 1921இல் இரு தரப்பும் இணங்கி, சீனி விலைக்கு ஏற்பப் பாகின் விலை கூடிக் குறையும் என்று முடிவு செய்தன. ஒரு டொலர் கடதாசி உயிர் தப்பியது.

1934ஆம் ஆண்டு அம்மையாரின் வாழ்வில் இரண்டாவது திருப்பம். உலகப் பொருளாதார மந்தம் நிலவிய காலம். கொக்கா கோலாக் கம்பனி, மேல் உரிமைகளைத் தானே திரும்ப வாங்க விரும்பியது. வைட்ஹெட் தரப்பின் போத்தல் நிறுவனத்தை அம்மையார் விட்டுக்கொடுக்க இணங்கினார். ஆனால் காசாகப் பெறவில்லை. கொக்கா கோலாக் கம்பனியின் பங்குகளாகப் பெற்றார். வங்கிகள் கவிழ்ந்து, மக்கள் கையில் காசை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த தீர்மானம் அது. பின்னாளில் அவர் பெயரால் நடந்த தருமங்கள் யாவும் அந்தப் பங்குகளின் மேல் எழுந்தவை.

அதே ஆண்டில் அவர் கொக்கா கோலாக் கம்பனியின் பணிப்பாளர் சபையில் நியமனம் பெற்றார். அமெரிக்காவின் பெரும் கம்பனிகளில் பணிப்பாளராக அமர்ந்த முதற் பெண்கள் சிலருள் அவர் ஒருவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தம் இறுதிக்காலம் வரை, அப்பதவியில் இருந்தார். அப்போது கம்பனியின் தலைவராக இருந்த றொபேட் வூட்றஃப் என்பவரும் பிற்காலத்தில் பெரும் கொடையாளியாகப் பெயர் பெற்றவர்.

பிள்ளைகளுக்குத் தாய் வாரிசான கதை

வழக்கப்படி தாயின் சொத்துக்கு மகன்மார் வாரிசு. லெட்டி அம்மையாருக்கு அது தலைகீழாக நடந்தது. மூத்தவர் ஜோசப் 1935இல் இறந்தார். இளையவர் கொங்கி 1940இல் இறந்தார். இருவருக்கும் வயது நாற்பதை ஒட்டியதே. 1948இல் கேணல் எவன்ஸும் காலமானார். பணிப்பாளர் சபையில் அமர்ந்த பெருமைக்கு மறு ஆண்டே மூத்த மகனின் இழப்பு. கணவரை இளமையில் இழந்தவர், முதுமையில் இரு மகன்மாரையும் மறு கணவரையும் இழந்து தனித்தார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் பணம் ஆறுதல் ஆகாது என்பதை நமது ஊர் அறியும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத நமக்கு மனமில்லை.

ஆயினும் மகன்மார் இருவரும் செய்துவிட்டுப் போன ஒன்று உண்டு. இருவரும் போத்தல் தொழிலின் செல்வத்தில் வளர்ந்த வாரிசுகள். இருவரும் தத்தம் இறுதி விருப்ப ஆவணத்தில் சொத்தைப் பொதுப் பணிக்கு எழுதினர். மூத்தவரின் விருப்பப்படி, தந்தையின் நினைவாக ஜோசப் பி. வைட்ஹெட் நிதியம் 1937இல் அமைந்தது. அட்லான்டா நகரத்து மக்களின் நலனுக்கு உரியது அது. இளையவர் கொங்கி, தம் தாயின் பெயரால் ஒரு நிதியத்தை அமைக்கும்படி எழுதி வைத்தார். அம்மையார் உயிரோடு இருக்கும்போதே, 1946இல், லெட்டி பேட் வைட்ஹெட் நிதியம் சட்டப்படி உருவாயிற்று. வசதி குறைந்த பெண்பிள்ளைகளின் கல்விக்கும், ஆதரவற்ற முதிய பெண்களின் பராமரிப்புக்கும் உரியது அந்நிதியம். தாய் வாழும்போதே தாயின் பெயரால் மகன் நட்ட மரம். நட்ட மகன் அது தளிர்க்கும்போது இல்லை.

அம்மையாரும் வாளாவிருக்கவில்லை. 1945இல் லெட்டி பேட் எவன்ஸ் நிதியம் என்ற பெயரில் தாமே ஒன்றை நிறுவினார். குறிப்பிட்ட சில கல்வி நிறுவனங்களுக்கும் பொது நிறுவனங்களுக்கும் ஆண்டுதோறும் வருமானம் சென்று சேரும்படி மற்றொரு நிதியையும் ஒழுங்கு செய்தார். வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட பணிகளுக்கு அவர் கொடுத்திருக்கிறார். 1953 நவம்பர் 14ஆம் திகதி, தமது 81ஆவது வயதில் காலமானார்.

யாருக்குக் கொடுத்தார்

அவர் உதவிய கல்வி நிறுவனங்களை எண்ணிப் பார்க்கையில் ஒரு விடயம் மனதில் தைக்கிறது. அட்லான்டாவின் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியில் கணவரின் நினைவாக மாணவர் வைத்தியசாலை எழுந்தது. அக்கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தீர்மானித்தது 1952இல். எமரி பல்கலைக்கழகத்தின் கலைக் கல்லூரி பெண்களுக்கு முழுமையாகத் திறந்தது 1953இல், அம்மையார் காலமான ஆண்டில். வேர்ஜினியாவின் வொஷிங்டன் அன்ட் லீ பல்கலைக்கழகத்தில் அவருடைய பெயரில் உணவு மண்டபம் ஒன்று உண்டு. அங்கே இளமாணிப் பட்டப் படிப்புக்குப் பெண்கள் வந்து சேர்ந்தது 1985இல். தாம் மாணவியாக நுழைந்திருக்க முடியாத கட்டடங்களை அவர் கட்டிக் கொடுத்தார். பெண்களுக்கென்றே இயங்கிய அக்னஸ் ஸ்கொட் கல்லூரிக்கும் அவர் கொடுத்தார். அங்கும் அவர் பெயரில் உணவு மண்டபம் உண்டு.

குறை சொல்ல வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகவும் நாம் விரும்பவில்லை. அன்றைய தெற்கில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பாடசாலைகள் வேறுவேறு. மேலே சொன்ன கல்லூரிகளின் வாசல் கறுப்பின மாணவருக்குத் திறந்தது 1960களில்தான். அம்மையாரின் கொடைகள் அந்தச் சுவரைத் தட்டவில்லை; அதற்குள்ளேதான் சென்றன. இளையவரின் நிதியமும் கிறிஸ்தவப் பெண்களை முன்னிறுத்தியே தொடங்கியது. செல்வம் வந்த வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனிப் பானம் உலகுக்குச் செய்த கேட்டை, நீரிழிவு மாத்திரை இல்லாத வீடு அருகிவிட்ட நமது ஊரில் மறைக்க முடியாது. ஒரு கொடையாளியைப் போற்றுவதற்கு அவரைக் குறையற்றவராக்க வேண்டியதில்லை. அவர் செய்த நல்லதை நல்லதென்று எடுத்துக்கொண்டால் போதும்.

நிதியம் இயங்கும் முறை

லெட்டி பேட் வைட்ஹெட் நிதியம் இன்றும் இயங்குகிறது. வேர்ஜினியா, ஜோர்ஜியா, தெனசி, மிசிசிப்பி உட்படத் தென்கிழக்கு மாநிலங்கள் ஒன்பதில் 200க்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்களுக்கு மாணவியர் புலமைப்பரிசிலுக்காக ஆண்டுதோறும் பணம் வழங்குகிறது. பெருங் கல்லூரிகளும் உண்டு, தாதியர் பயிற்சிக் கல்லூரிகளும் உண்டு. குடும்பத்தின் மற்ற நிதியங்களும், வூட்றஃப் பெயரிலான நிதியமும் இதுவும் அட்லான்டாவில் ஒரே அலுவலகத்தின் ஊடாக நடைபெறுகின்றன. நான்கு நிதியங்களுக்கு நான்கு அலுவலகம் வைத்துச் செலவழிக்காமல் விட்டது ஒரு சிக்கனம்.

மூன்று விடயங்களை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, மூலதனம் கரைவதில்லை. அதன் வருமானமே செலவாகிறது. வக்பு சொத்தையும் கோயில் வயலையும் அறிந்த நமக்கு இந்த முறையைப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நமது முன்னோர் தென்னந்தோட்டத்தையும் வயலையும் எழுதி வைத்தனர். அவர்கள் பங்குகளை எழுதி வைத்தனர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

இரண்டாவது, மாணவி நேரே நிதியத்தின் வாசலில் போய் நிற்பதில்லை. பணம் கல்லூரிக்குச் செல்கிறது. எந்தப் பிள்ளைக்குத் தேவை என்பதைக் கல்லூரி அறிந்து கொடுக்கிறது. கொடுப்பவர் முகத்தைப் பெறுபவர் பார்க்க வேண்டியதில்லை. மேடையில் அழைத்து, படம் பிடித்து, கையில் உறையைக் கொடுக்கும் நமது வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உதவி பெற்ற பிள்ளை அந்தப் படத்தைப் பிற்காலத்தில் எப்படிப் பார்ப்பாள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்பது நமக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்த பாடம்.

மூன்றாவது, தொடர்ச்சி. ஒருமுறை கொடுத்து முடிந்துபோகும் உதவி அல்ல. இவ்வாண்டு ஒரு மாணவி பெற்றால், அடுத்த ஆண்டு அவளுடைய தங்கையும் பெறக்கூடும் என்ற நம்பிக்கை ஒரு வீட்டின் போக்கையே மாற்றும். பெண்பிள்ளையைப் படிப்பிப்பதா நிறுத்துவதா என்ற பேச்சு ஒரு வீட்டில் எழும்போது, பணம் உறுதியாக வரும் என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி என்பதை நாம் அறிவோம்.

நமது நாட்டில் அதே காலத்தில்

இந்நிதியங்கள் உருவான அதே ஆண்டுகளில் நமது நாட்டிலும் இதே திசையில் வேலை நடந்தது. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதே 1945இல் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்தவர். கிழக்கிலங்கைக் குடியானவரின் வறுமையையும் திறமையான பிள்ளைகள் படிப்பை விட்டு நிற்பதையும் நேரில் கண்டவர். அவரிடம் கொக்கா கோலாப் பங்கு இருக்கவில்லை. பலரிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த நிதி அது. ஒரு பெரும் பணக்காரக் குடும்பம் கடல் கடந்து செய்ததை, இங்கே ஓர் அரச உத்தியோகத்தர் ஊராரைச் சேர்த்துக்கொண்டு செய்தார். எனவே லெட்டி அம்மையாரின் கதையைப் படித்துவிட்டு, அவ்வளவு செல்வம் நம்மிடம் ஏது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

நாம் செய்யக்கூடியது

பாடசாலைக் கல்வி இலவசம் என்றாலும், உயர்தர வகுப்பின் ரியூசன் கட்டணம், பஸ் செலவு, பல்கலைக்கழகம் கிடைத்தால் தூர ஊரில் தங்குமிடச் செலவு என்பவை இலவசம் அல்ல. பரீட்சையில் சித்தியடைந்தும் இவற்றுக்கு வழியின்றி வீட்டில் நிற்கும் பிள்ளைகள் இன்றும் நமது ஊரில் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாயின் காசை எதிர்பார்த்துப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நமது சங்கத்தின் பழைய மாணவிகள் இன்று கொழும்பிலும் கண்டியிலும், மத்திய கிழக்கிலும், இங்கிலாந்திலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். வைத்தியர்களும் ஆசிரியைகளும் இருக்கிறார்கள். தையல் இயந்திரத்தோடும் கைத்தறியோடும் குடும்பத்தை நிமிர்த்தியவர்களும் இருக்கிறார்கள். நூற்றாண்டு விழாவுக்கு நாம் அனைவரும் ஏதோ ஒன்று கொடுக்கத்தான் போகிறோம். அதில் ஒரு பகுதியை விழாச் செலவுக்கும் வளைவுக்கும் விடாமல், தொடக்கூடாத முதலாக ஒதுக்கி, அதன் வருமானத்தை அதிபரும் ஆசிரியர்களும் அறிந்த பிள்ளைகளுக்குச் சத்தமின்றிக் கொடுக்கும் ஏற்பாடொன்றை இந்த ஆண்டிலேயே தொடங்க வேண்டும் என்பது இம்மலர்க் குழுவினராகிய எமது வேண்டுகோள். வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்குக் கடை அறை, காணி, இலாபப் பங்கு முறை என்று வழிகள் உள்ளன. கணக்கு ஆண்டுதோறும் எழுத்தில் வெளிவர வேண்டும். பெறும் பிள்ளையின் பெயர் வெளிவரக் கூடாது. தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்ற பாகுபாடும் வேண்டாம். பாடசாலையின் வருகைப் பதிவில் பெயர் இருந்தால் போதும்.

லெட்டி பேட் எவன்ஸ் அம்மையாரிடம் பெரும் செல்வம் இருந்தது. நம்மிடம் அது இல்லை. ஆனால் அவருடைய செல்வம் நிலைத்ததற்குக் காரணம் அதன் அளவு அல்ல. 1906இல் விற்காமல் வைத்தது, 1934இல் கரைக்காமல் மாற்றியது, 1945இல் எழுத்தில் எழுதி ஒழுங்கு செய்தது என்ற மூன்று செயல்கள்தான். அம்மூன்றும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டுத் தொடங்கும் ஒரு நிதிக்கும் பொருந்தும். அவரைக் கண்டிராத பிள்ளைகள் அவர் பெயரால் இன்று தாதியராகவும் ஆசிரியைகளாகவும் வெளியேறுகிறார்கள். நம்மைக் கண்டிராத பிள்ளைகள் நமது பாடசாலைக்கு இனிமேல்தான் வரப்போகிறார்கள்.